கூட்டிப் போடாத வயது

மருதமுனையில் என் வயதுக்காரர்களிடம் முதல் வேலை எது என்று கேட்டால், கடை என்றோ கந்தோர் என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் முதல் வேலை நூல் சுற்றியதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்ற கையோடு உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினால், அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்ப முடியாது. வாப்பா தறியில் இருப்பார். நூல் தீர்ந்து தறி நின்றால் அவர் திரும்பிப் பார்க்கிற பார்வையே போதும். சாரனும் சாரியும் நெய்து கல்முனைக் கடைகளுக்குப் போட்டுப் பிழைத்த ஊர் அது. அந்த வேலைக்கு எவரும் எங்கள் வயதைக் கேட்டதில்லை. பெண்களையும் இளம் ஆட்களையும் பிள்ளைகளையும் வேலைக்கமர்த்துவது பற்றி 1956 இல் வந்த 47 ஆம் இலக்கச் சட்டம்கூட, ஒரே குடும்பத்தார் மட்டும் பாடுபடும் தொழிலிடத்தைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் இங்கே எழுதுவது வீட்டுக் கடப்பைத் தாண்டிப் போன முதல் வேலையைப் பற்றி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பதினாறு வயதுப் பிள்ளை வேலைக்குப் போவதென்றால் பெற்றோர், பள்ளிக்கூடம், முதலாளி என்று பலர் கையெழுத்திட்ட அனுமதிப் பத்திரம் ஒன்று வேண்டும் என்று பின்னாளில் படித்தேன். இலங்கையில் அப்படி ஒரே தாளாக எதுவும் கிடையாது. இத்தனை வயதுக்குக் கீழே வைக்காதே என்று சட்டம் சொல்லும். அந்த வயதை மெய்ப்பிக்கிற காகிதங்கள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அவற்றைச் சேர்த்துக் கொடுப்பது தாய் தகப்பனின் பாடு. கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது முதலாளியின் மனம். எங்கள் கரையில் பெரும்பாலும் இரண்டுமே நடப்பதில்லை. "நம்மட சாச்சாட கடைதானே" என்ற ஒரு வசனத்தோடு பிள்ளை வேலைக்குப் போய்விடும்.

எனக்கு அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணமான இரண்டு பேரில் ஒருவர் என் உம்மா. மற்றவர் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து கணக்கெழுதிய ஒரு முதியவர்.

1996 டிசம்பரில் ஓ.எல். பரீட்சை எழுதினேன். மூத்த ராத்தாவோடு சேர்த்து ஒரு வருடம் முந்தியே பள்ளியில் விட்டிருந்ததால் அப்போது எனக்குப் பதினாறு ஆகவில்லை. தேசிய அடையாள அட்டைக்கு அந்தக் காலத்தில் பதினாறு வயது வேண்டும். பரீட்சை மண்டபத்துக்குத் தபால் கந்தோரில் எடுத்த தபால் அடையாள அட்டையோடுதான் போனேன். முடிவு வரச் சில மாதங்கள் செல்லும். வீட்டில் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. யுத்தத்தில் நூல் வருவதும் சாயம் வருவதும் நிச்சயமில்லாமல் போயிருந்தன.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். ஆகவே ராத்தாமார் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஆண் பிள்ளைக்கு மீசை அரும்பும் முன்பே கல்லும் சீமெந்தும் கனவில் வரத் தொடங்கிவிடும். தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தான் கலியாணம் முடிக்காமல் இருந்த காக்காமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. இந்த வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கொடுத்த பாதுகாப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பாரத்தில் பாதியைச் சுமந்தவை பதினைந்து பதினாறு வயது முதுகுகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிழக்கின் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் போதுமான அளவு எழுதவில்லை.

வாப்பாவின் கூட்டாளி ஒருவர் கொழும்பு புறக்கோட்டையில் புடவைக்கடை ஒன்றில் இருந்தார். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குப் பொடியன்மார் தேவை, தங்குவதும் சாப்பாடும் கடையில் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் அடையாள அட்டை இல்லாத பிள்ளையை அனுப்பவே வேண்டாம் என்றார். அதில் அவர் பிழையேதும் இல்லை. அந்த வருடம் ஜனவரி 31 இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்திருந்தது. ஜூலை 24 இல் தெஹிவளையில் ரயிலில் வெடித்தது. தமிழ் பேசும் இளம் பிள்ளை கொழும்பில் ஓரிரவு தங்குவதென்றாலும் பொலிஸில் பதிய வேண்டும். வழியெல்லாம் சென்றிப் பொயின்ட். பஸ்ஸை நிறுத்தி இறக்கி, அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்ப்பார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைக்கு உண்மையான வேலை அனுமதிப் பத்திரம் அந்த லெமினேட் செய்த அட்டைதான்.

அப்போதுதான் அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாஸ்போட், வெளிநாடு, கச்சேரி அலுவல் என்று எல்லாவற்றையும் "செய்து தருகிற" ஒருவர். பேர் வேண்டாம். அவர் சொன்ன வழி எளிதாக இருந்தது. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாமல் விட்ட பிள்ளைகளுக்குக் காலங்கடந்த பதிவு என்று ஒன்று உண்டு. வீட்டில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளைகள் நிறைந்த எங்கள் ஊர்களில் அது மிகத் தேவையான ஏற்பாடு. எத்தனையோ ஏழைகளுக்கு அதனால்தான் பேரும் பிறந்த திகதியும் கிடைத்தன. அந்த நல்ல கதவால் என்னை இன்னொரு தரம் பிறக்க வைக்கலாம் என்றார் அவர். புதிய பிறப்புப் பத்திரத்தில் எனக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். உடனே அட்டைக்குப் போடலாம். இரண்டு வருடத்தில் சவூதிக்கும் அனுப்பலாம்.

"என்ன ராத்தா, ரெண்டு மூணு வருசம் கூட்டிப் போட்டா ஆருக்குத் தெரியும்? பொடியனும் ஆள் வளத்தியாத்தானே இரிக்கான்."

வாப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் மனம் இரண்டு பக்கமும் போய்வருவது எனக்குத் தெரிந்தது. எனக்கோ கொழும்பு கண்ணுக்குள் வந்துவிட்டது. உம்மாதான் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னா: "எனக்கு ஒருக்காக் கூட்டிப் போட்டாங்க தம்பி. அது போதும். என்ட மகனுக்கு அவன்ட வயசு இரிக்கட்டும்."

அந்த ஆள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். உம்மா சொன்னதன் பொருள் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் முழுதாகப் புரிந்தது. உம்மாவின் பிறப்பை யாரும் பதியவில்லை. 1973 இல் கலியாணம் பேசியபோது பெரியவர்கள் கூடி அவவுக்கு ஒரு வயது தீர்மானித்தார்கள். பிறகு அந்த வயதுக்கு ஏற்ற ஓர் உத்தேச வயதுச் சான்றிதழும் எடுக்கப்பட்டது. அதன்படி அவ ஒரு குமர். உண்மையில் ஐந்தாம் வகுப்பை விட்டு வந்து அதிக காலம் ஆகாத ஒரு பிள்ளை. தன் கூட்டாளிமார் இன்னும் மாங்கொட்டை எறிந்து விளையாடிக்கொண்டிருந்ததை வேலிக்குள்ளிருந்து பார்த்ததை ஒருமுறை சொன்னா. அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொழும்பு இல்லை என்றானபின் உம்மா சும்மா இருக்கவில்லை. ஒரு காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு கல்முனைக்குப் போனா. பஸார் வீதியில் ஒரு ஹாஜியாரின் புடவைக்கடை. வாப்பாவின் சாரன் அங்கே விற்றிருக்கிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் நோன்பு தொடங்க இருந்தது. ஹாஜியாருக்கு ஆள் தேவைதான். "நாளைக்கே வரட்டும் தங்கச்சி" என்றார். கதை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு ஒருவர் நிமிர்ந்தார். கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, பாண்டிருப்பிலிருந்து வந்து கணக்குப் பார்த்தவர். நாங்கள் எல்லாரும் ஐயா என்போம். கல்முனையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் எத்தனை கசப்புகள் ஓடிய வருடங்கள் அவை! அந்த மனிதர் ஒரு நாளும் கடைக்கு வராமல் விட்டதில்லை.

"பிள்ளைக்கு வயசு என்ன தங்கச்சி?"

"வாற சித்திரையில பதினாறு ஐயா."

"அப்ப எடுக்கலாம். ஆனா சும்மா எடுக்கேலா."

அன்று சட்டம் வைத்திருந்த எல்லை பதினான்கு. ஆகவே என்னை வேலைக்கு வைப்பதில் தடையில்லை. ஐயா கேட்டது வேறு. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதி, பள்ளிக்கூட அதிபரின் கடிதம், கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், வாப்பாவின் சம்மதக் கடிதம். இவ்வளவும் வந்தபின்தான் பேரைப் பதிவேன் என்றார். ஹாஜியார் சிரித்தார். ஆனால் மறுத்துப் பேசவில்லை. அவர் ஐயாவை நம்பினார் என்பதையும், அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு பெரிய நன்மையாக முடிந்தது என்பதையும் இன்று நினைத்தாலும் நெஞ்சுக்குள் நன்றி ஊறுகிறது.

உம்மா அந்தக் காகிதங்களுக்காக நடந்த நடையை விவரமாக எழுத வேண்டும். அதிபர் லீவில் ஊரில் இல்லை. பக்கத்து ஊரில் மகள் வீட்டில் இருந்தார். அங்கே போய்க் கடிதம் வாங்கினா. கிராம சேவகர் காலையில் மட்டும்தான் இருப்பார். அவரது வாசலில் நிவாரண முத்திரைக்காரரும் நஷ்டஈட்டுக்காரரும் நெருக்கிக்கொண்டு நின்ற காலம். பிறப்புப் பத்திரத்தில் வாப்பாவின் பேரில் ஓர் எழுத்து மாறிக் கிடந்தது. அதைக் கண்ட கிராம சேவகர், இது பிறகு அட்டை எடுக்கும்போது இடறும், இப்போதே திருத்தத்துக்குக் கொடுங்கள் என்றார். ஆகவே பிரதேச செயலகம். ஊரில் அதை அப்போதும் பழைய பழக்கத்தில் டீ.ஆர்.ஓ. கந்தோர் என்றுதான் சொன்னார்கள். அங்கே பெண்கள் வரிசை தனியாக இருந்தது. தாய் ஒருத்தி தன் பிள்ளையின் வேலைக்காகக் கந்தோர் ஏறுவதை அந்த நாளில் எல்லாரும் நல்லபடியாகப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. "வாப்பா வரல்லியா?" என்ற கேள்வியை அவ எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பா! வாப்பா தறியில் இருக்கிறார், தறி நின்றால் அடுப்பு நிற்கும் என்று ஒவ்வொருவருக்கும் அதே தொனியில் பதில் சொன்னா.

வாப்பா சம்மதக் கடிதத்தை எழுதிய இரவு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்குக் கையெழுத்துப் போட வரும், எழுதிப் பழக்கமில்லை. ராத்தா எழுதினா. என் மகன் பரீட்சை முடிவு வரும்வரை வேலை செய்யச் சம்மதிக்கிறேன், முடிவு வந்தபின் அவன் படிக்க விரும்பினால் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது உம்மா. ராத்தா தயங்கினா, இப்படி எழுதினால் எடுக்காமல் விடுவார்களோ என்று. எழுது என்றா உம்மா. அந்த வீட்டில் ராத்தாவின் கலியாணத்துக்காகத்தான் நான் வேலைக்குப் போகிறேன் என்பதும், அந்த வரியை அவளது கையே எழுதியது என்பதும் எனக்கு இப்போது சாதாரண விசயமாகத் தெரியவில்லை.

ஐயா எல்லாவற்றையும் வாங்கிப் படித்தார். ஒரு நீளக் கொப்பியில் என் பேர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, வேலை நேரம் என்று கோடு போட்டு எழுதினார். நியமனக் கடிதம் ஒன்று தந்தார். கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அப்படி ஒரு கடிதத்தைக் கேட்கிறது: சம்பளம் எவ்வளவு, எப்போது கொடுப்பது, எத்தனை மணி நேரம், என்ன லீவு. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து. பிறகு ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை எடுத்தார். சம்பளத்தில் என் பங்கு நூற்றுக்கு எட்டு, முதலாளியின் பங்கு பன்னிரண்டு. 1958 இல் வந்த சட்டம் அது. அடையாள அட்டை இலக்கம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, "கிடைத்ததும் கொண்டு வாரும்" என்றார். என் பேருக்கு எதிரே ஓர் அங்கத்துவ இலக்கம் விழுந்தது. நாட்டின் கணக்குப் புத்தகம் ஒன்றில் நானும் ஒரு வரியானேன் என்று அன்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை சரியானது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

நோன்பு காலக் கல்முனையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பகலில் பஸார் தூங்கும். வியாபாரம் தராவீஹ் முடிந்த பிறகுதான். மின்குமிழ் மாலைகளும் அத்தர் மணமும் பிள்ளைகளின் சட்டை அளவுக் கூச்சலும், சில இரவுகளில் ஸஹர் நேரம் நெருங்கும்வரை. மற்றக் கடைகளில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் துணிக்கட்டுகளுக்கு மேல் தூங்கி விழுந்து, யாரோ தட்ட எழும்பி, மறுபடி மடிப்பார்கள். ஐயா என்னை நோன்பு துறக்க வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "ஆறு மணிக்குப் பிறகு பதினெட்டு வராத பிள்ளைய கடையில வைக்கேலா தம்பி. சட்டம்." எனக்கு அழுகை வரும். இராச் சம்பளம் தனி. அதுதான் பெரிய காசு. ஹாஜியாருக்கும் அது நட்டம்தான். உம்மாவிடம் முறையிட்டேன். அவ தட்டில் கஞ்சியை வைத்துவிட்டு, ஐயா சொல்வதைக் கேள் என்றா.

பெருநாளுக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தித் தொழில் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் பஸாருக்கு வந்தார். அவர் வருமுன்பே செய்தி வந்துவிட்டது. நான் வாசலில் சாரன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கண் முன்னாலேயே பக்கத்துக் கடைகளிலிருந்து பிள்ளைகள் பின்கதவால் ஓடினார்கள். ஒருவன் என் வகுப்பு. ஒருவன் மிகச் சின்னவன், எட்டாம் வகுப்பு இருக்கும், ஒரு செருப்பு கழன்று கிடக்க ஓடினான். நானும் ஓடத்தான் காலைத் தூக்கினேன்.

"நீர் எங்க போறீர்? நில்லும்" என்றார் ஐயா.

உத்தியோகத்தர் வந்தார். ஐயா நீளக் கொப்பியை விரித்தார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் யார் என்று அவர் கேட்க, என்னைக் காட்டினார். அவர் என் பேரைக் கேட்டார், பிறந்த திகதியைக் கேட்டார், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். கொப்பியில் ஏதோ குறித்து ஒப்பம் வைத்தார். படிக்கவில்லையா என்றார். முடிவு வந்ததும் படிப்பேன் என்றேன். அதுவரை நான் அப்படித் தீர்மானித்திருக்கவில்லை. வாப்பாவின் கடிதத்தில் இருந்த வரி என் வாயில் வந்தது.

ஓடிப்போன பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அன்று அவர்களில் எவரும் என்ன பிழை செய்தார்கள்? திருடிவிட்டா ஓடினார்கள்? வீட்டுக்கு அரிசி வாங்க உழைத்த பிள்ளைகள் அவர்கள். காகிதம் இல்லாத வேலை ஒரு பிள்ளைக்கு முதலில் படிப்பிப்பது ஒளிந்துகொள்ளத்தான். சம்பளம் குறைந்தால் கேட்க முடியாது. கையில் வெட்டு விழுந்தால் சொல்ல முடியாது. ஏனென்றால் அவன் அங்கே இருக்கவே இல்லை. இந்த விசயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டென்றால் அது அந்தப் பின்கதவைப் பார்த்த அன்று பிறந்ததுதான்.

சித்திரையில் பதினாறு வந்தது. கிராம சேவகரிடம் படிவம் எடுத்து, கல்முனையில் ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படம் பிடித்து, பிரதேச செயலகம் ஊடாகக் கொழும்பு ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போய், ஒரு நாள் அட்டை வந்தது. 81 என்று தொடங்கும் இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணென்றால் அதோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். அந்த ஆளின் சொல்லைக் கேட்டிருந்தால் அது 78 என்று தொடங்கியிருக்கும். பாடசாலைப் பதிவில் ஒரு பிள்ளை, அட்டையில் இன்னொரு பிள்ளை. பரீட்சைச் சான்றிதழோடு நான் எந்தக் கந்தோருக்குப் போனாலும் அந்த மூன்று வருடம் எனக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். முடிவு வந்தது. சித்தியடைந்திருந்தேன். வாப்பாவின் கடிதத்தை ஐயா தானே எடுத்து ஹாஜியாருக்கு வாசித்துக் காட்டினார். உயர்தரம் படித்து, அட்டாளைச்சேனைக் கல்வியியல் கல்லூரிக்குப் போய் ஆசிரியரானேன். ஓய்வூதியம் உள்ள அரச சேவையில் நிரந்தரமானதும் அந்தச் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். சின்னத் தொகைதான். உம்மாவின் கையில் கொடுத்தேன். ராத்தாவின் வீட்டு ஜன்னல்களில் ஒன்று அந்தக் காசு.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுதும் துடைத்துப் போட்டது. நான் ஆசிரியராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நாட்களை இங்கே விரிக்க என்னால் முடியாது. என் விசயத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். ஆட்களோடும் வீடுகளோடும் காகிதங்களும் போயின. நடமாடும் சேவைகள் வந்தன. மரத்தடியில் மேசை போட்டுப் பிறப்புப் பத்திரப் பிரதிகளுக்கு எழுதினோம். அதே காலத்தில் வீடு கட்டும் வேலைகளும் நிறைய வந்தன. மேசன்மாருக்குக் கையாள் தேவை. என் வகுப்புப் பொடியன்மார் மறைந்தார்கள். தேடிப் போனால் சாந்துச் சட்டியோடு நின்றார்கள். வயது என்ன என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டால் எல்லாருக்கும் பதினெட்டு. காட்டச் சொன்னால், "காட் கடலோட போயிட்டு சேர்" என்பார்கள். அதை மறுக்க யாரால் முடியும்? சிலரை மீட்டோம், சிலரை முடியவில்லை. முடியாதவர்களின் முகம்தான் இன்னும் நினைவில் நிற்கிறது.

கடல் வந்ததற்கு அடுத்த மே மாதம், எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே, மூதூரிலிருந்து ஒரு பிள்ளை சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ரிசானா நபீக். பிறப்புப் பத்திரத்தின்படி அவள் பிறந்தது 1988 பெப்ரவரியில். கடவுச்சீட்டில் 1982 என்று இருந்தது. கூட்டிப் போட்டது ஆறு வருடம். போய்ச் சேர்ந்த மாதமே, அவளது பொறுப்பில் விட்டிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்றாள் அவள். கொலை என்றது நீதிமன்றம். உண்மையில் பதினேழு வயதுப் பிள்ளை. பாஸ்போட்டின்படி இருபத்துமூன்று வயதுப் பெண். பிள்ளைகளுக்கு மரண தண்டனை கூடாது என்கிற சர்வதேச உடன்படிக்கையில் சவூதியும் சேர்ந்திருந்தது. அந்த ஆறு வருடம் அந்தக் கதவை அவளுக்கு அடைத்துவிட்டது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி தண்டனை நிறைவேறியது.

அன்று எங்கள் ஊரில் பலர் ஷரீஆவைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் உரத்துப் பேசினார்கள். உம்மா வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பிள்ளைக்கு வயசக் கூட்டிப் போட்டவன் ஆரு?" சரியான கேள்வி அது. அந்தக் கேள்வியை நாங்கள் மூதூரிலும் மருதமுனையிலும் சம்மாந்துறையிலும் எங்கள் வாசலுக்கு வந்து தேத்தண்ணி குடித்துப் போன ஆட்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் பிறகு நகர்ந்திருக்கிறது. 1998 இல் பதினான்கு வயதுவரை என்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி, 2016 இல் பதினாறாகியது. அதே வருடத் திருத்தத்தோடு அடையாள அட்டை பதினைந்து வயதிலேயே கிடைக்கிறது. 2021 தொடக்கத்தில் வேலைக்கான ஆகக் குறைந்த வயதும் பதினாறாக உயர்ந்தது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் பிள்ளை விழுகிற இரண்டு வருடப் பள்ளம் அதோடு மூடியது. அந்த வருடம் ஜூலையில் கொழும்பில் வீட்டு வேலைக்கு வந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு இறந்தாள். நாடே கொதித்தது. பதினெட்டுக்குக் கீழானவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட ஆபத்தான வேலைகளின் பட்டியல் 2010 இல் ஐம்பத்தொன்றாக இருந்தது. 2021 கடைசியில் அது எழுபத்தொன்றாக நீண்டது. வீட்டு வேலையும் அதில் சேர்ந்தது. அது எத்தனையோ வருடம் முந்தி சேர்ந்திருக்க வேண்டியது.

மூத்த ராத்தாவின் மகன் சுனாமிக்குப் பிந்திய வருடம் பிறந்தவன். கொரோனாவால் பிந்தி 2022 மே மாதம் ஓ.எல். எழுதினான். பெற்றோலுக்கும் கேஸுக்கும் நாடு வரிசையில் நின்ற மாதங்கள். மச்சானுக்கு வேலை படுத்துவிட்டது. "மாமா, நான் வேலைக்குப் போறன்" என்று வந்து நின்றான். கையில் 2005 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்க அட்டை இருந்தது. ஆழ்கடல் படகுக்குப் போனால் நல்ல காசு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அவனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் பைத்தியம். கல்முனையில் ஒரு கராஜில் பேசினேன். நைட்டா எனப்படும் பயிலுநர் அதிகார சபை ஊடாகச் சேர்த்தோம். எங்கள் நாட்டில் பிள்ளையின் முதல் வேலைக்கு அனுமதிப் பத்திரம் போல ஒன்று இருக்கிறதென்றால் அந்தப் பயிலுநர் ஒப்பந்தம்தான். பயிலும் பிள்ளை, பாதுகாவலர், வேலை தருபவர் எல்லாரும் கையெழுத்து வைக்கிறார்கள். முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் கிடைக்கும். இது எங்கள் பெற்றோரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கம்பஸ் கிடைக்காத பிள்ளை என்றால் ஒன்றில் கட்டார், ஒன்றில் சாச்சாட கடை என்று நினைக்கிறோம்.

ஆகவே சில வருடங்களாக ஓ.எல். பரீட்சை முடிந்த கிழமையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிறோம். நியமனக் கடிதம் கேளுங்கள், சேமலாப நிதி இலக்கம் கேளுங்கள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவார்கள் என்று எழுதி வாங்குங்கள், படிக்க நினைத்தால் நிறுத்தலாம் என்ற வரியைச் சம்மதக் கடிதத்தில் போடுங்கள். பெண் பிள்ளைகளைத் தையல் வேலைக்கு விடுகிற தாய்மாருக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மிஷினில் பகல் முழுதும் தைக்கிற பிள்ளையின் பேர் எந்தக் கொப்பியிலும் இருப்பதில்லை.

போன முறை ஒரு வாப்பா எழும்பிக் கேட்டார்: "சேர், இவ்வளவும் கேட்டா கடக்காரன் பிள்ளைய எடுக்க மாட்டானே?"

எடுக்காமல் விடுகிற கடையும் இருக்கும் என்றேன். அப்படிப்பட்ட கடைக்குப் பிள்ளையை விட வேண்டாம். கல்முனையில் நாம் கேட்கும் முன்பே பிறப்புப் பத்திரம் கேட்கிற கடைகள் சில இருக்கின்றன. அவற்றின் பேரை எழுதி வைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் வந்து வாங்குங்கள் என்றேன். அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.